வெள்ளை ரிப்பனுக்கு ஒரு நன்றி

பெற்ற பிள்ளையை அடுத்தவள் இடுப்பில் பார்த்தால் எப்படி இருக்கும்? தோம்ஸ்க் நகரப் பூக்கண்காட்சியில், மூன்றாவது மேசைக்கு முன்னால் நின்ற ஃபாயினாவுக்கு அப்படித்தான் இருந்தது.

ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் ஊற்றி, ஒற்றைத் தண்டு ஐரிஸைச் செருகி வைத்திருந்தார்கள். பூவை அவள் பார்க்கவேயில்லை. சைபீரிய ஐரிஸ் வேறென்ன நிறத்தில் பூக்கும்? ஜூன் வந்தால் வாய்க்கால் ஓரமெல்லாம் அதே நீலம்தான். அவள் பார்த்தது இலையை. வாள் மாதிரி நீண்ட இலை. பாதி பச்சை, பாதி பாலாடை வெள்ளை, அடியிலிருந்து நுனிவரை கோடு கலையவில்லை. அப்படி ஓர் இலை ஒரே ஒரு தோட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தோட்டத்தின் சாவி ஃபாயினாவின் கைப்பையில் கிடந்தது.

ஜாடிக்கு முன்னால் ஓர் அட்டை. 'வரி இலை சைபீரிய ஐரிஸ். பெயர்: கபிதோலினா. வளர்த்தவர்: கபிதோலினா சவேல்யெவ்னா, சிக்னல் தோட்டச் சங்கம்.' பக்கத்தில் முதல் பரிசுச் சான்றிதழ். அதற்கும் பக்கத்தில், கண்ணாடி மணிமாலை போட்டுக்கொண்டு, சாட்சாத் கபிதோலினாவே.

"வாடி ஃபாயா. பாத்தியா நம்ம சங்கத்துக்குக் கெடச்ச மரியாதைய?"

"பாத்தேன். செடி எங்க கெடச்சுது?"

"குளியல் அறைக்குப் பின்னாடி தானா மொளச்சுது. காத்துல விதை வந்திருக்கும்."

"தானாவா?"

"தானாத்தான். நம்ப மாட்டியா?"

ஃபாயினா அந்த மணிமாலையையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "வாழ்த்துகள், கபிதோலினா சவேல்யெவ்னா. நீங்க கொடுத்து வெச்சவங்க" என்றாள்.

தொழிற்சாலையில் ஒரே மேசையில் பெட்டி கட்டிய காலத்திலிருந்து இருபத்தாறு வருடம் 'காபா' என்றும் 'போடி' என்றும் கூப்பிட்டவள், திடீரென்று அப்பன் பெயரையும் சேர்த்து 'நீங்க' போட்டால், அந்த ஊர்ப் பக்கத்தில் அது வேலி கட்டுவதற்குச் சமம். மணிமாலை ஒருமுறை ஆடி நின்றது. கபிதோலினாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். ஃபாயினா ஒரு அக்டோபரில் வாய்க்கால் ஓரத்து ஐரிஸின் காயை உடைத்து, பனிக்கு முன்னால் விதையைப் பாத்தியில் தூவினாள். வசந்தத்தில் முளைத்தவற்றில் நான்கைந்து வெள்ளையாகவே முளைத்து, பச்சையே இல்லாமல் பட்டினி கிடந்து செத்தன. மற்றவை சாதாரணம். ஒன்று மட்டும் பச்சையும் வெள்ளையுமாக வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் சிறுமிகள் தலையில் கட்டிக்கொள்ளும் ரிப்பன் மாதிரி இருந்ததால் அதற்கு 'வெள்ளை ரிப்பன்' என்று பெயர் வைத்தாள். பெயரை யாரிடமும் சொல்லவில்லை. தூர் பெருத்த பிறகு தாவரவியல் பூங்காவில் பதிவு செய்து, அச்சில் அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரையும் பார்க்க வேண்டும் என்று ஏழு வருடம் காத்திருந்தாள். பேராசை என்றால் பேராசைதான். அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

அந்தச் செடியில் ஒரு ரகசியம் உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் தூரிலிருந்து ஒன்றிரண்டு முழுப்பச்சைக் குருத்துகள் கிளம்பும். கோடு போட்ட குருத்தைவிடப் பருமனாக, உயரமாக, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் போச்சு. இரண்டு மூன்று வருடத்தில் பச்சை மொத்தத் தூரையும் தின்றுவிடும். ஃபாயினா மே மாதத்தில் குனிந்து, கத்தியைக் கிழங்குவரை இறக்கி, பச்சையை அறுத்துவிடுவாள். களை பிடுங்குகிற பாவனையில், வலைக்கம்பி வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் கபிதோலினா அல்லவா இருக்கிறாள்.

கபிதோலினா ஒரு துண்டு கேட்டதும் உண்டு. "இன்னும் தூர் கட்டல" என்று ஃபாயினா தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு ஆகஸ்டில் ஃபாயினாவுக்குப் பித்தப்பையில் கல். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் குடிலில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்தது யாரிடம்? அவளிடம்தான். திரும்பி வந்து பார்த்தபோது தக்காளி செழிப்பு, ஐரிஸ் தூரின் ஒரு மூலை மட்டும் குழி. "எலிடி, எலி" என்றாள் கபிதோலினா வருத்தத்தோடு. ஃபாயினா நம்பினாள். கடையில் இருந்த எலிப்பொறி அத்தனையும் வாங்கிப் பாத்தியைச் சுற்றி வைத்தாள். மூன்று வருடம் அந்தப் பொறிகளை மாற்றி மாற்றி வைத்து, அகப்பட்ட எலிகளை வாயில் வந்தபடி திட்டினாள்.

கண்காட்சியிலிருந்து லோக்கல் ரயிலில் திரும்பும்போது எதிர் இருக்கையில் நினேல். சங்கத்தில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவள்.

"அது உன் செடிதானே?" என்றாள் நினேல், சூரியகாந்தி விதையைக் கடித்தபடி.

"யார் சொன்னது?"

"எனக்குக் கண்ணு இல்லையா? போய்ச் சண்டை போடேன். நானும் வரேன்."

"சண்டை போட்டா என்ன சொல்லுவா? காத்துன்னு சொல்லுவா. எனக்கு வயித்தெரிச்சல்னு ஊரு சொல்லும்."

"அதுவும் சரிதான். திருடின செடி வேற. அவ கையில காடு மாதிரி வளரும் பாரு."

ஃபாயினா ஜன்னலிலிருந்து திரும்பினாள். தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அங்கே தெரிந்த விஷயம் அது. கேட்காமல் கிள்ளி வந்த செடி தளதளவென்று பிடிக்கும். கொடுத்த செடியும் பிடிக்கும், ஆனால் வாங்கினவர் வாயைத் திறந்து நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் வேர் ஓடாது, செடி கருகும். அதனால் அங்கே நாற்று வாங்குகிறவர்கள் நன்றி சொல்லாமல், "ம்ம்" என்று முனகிவிட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியேறுவார்கள். மரியாதை தெரிந்தவர்கள் ஒரு சில்லறைக் காசை வேலியோரம் போட்டுவிட்டுப் போவார்கள்.

"நினேல், சங்கக் கூட்டம் என்னிக்கு?" என்றாள் ஃபாயினா.

"வர்ற சனி. ஏன்?"

"சும்மாத்தான்."

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக எலிப்பொறி அத்தனையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். நிரபராதிகளை மூன்று வருடம் கொன்றிருக்கிறோமே என்று அவளுக்கு ஒரு சங்கடம்.

சங்கத் தலைவர் அர்க்காதி ஃபோமிச், பட்டாளத்து மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதையும் செடி என்று ஒப்புக்கொள்ளாதவர். கூட்டத்தில் தண்ணீர் விடும் நேரம், குப்பை வண்டி எல்லாம் முடிந்த பிறகு, சங்கத்துக்குப் பெருமை தேடித் தந்த கபிதோலினாவுக்கு இருபது மீட்டர் ரப்பர் குழாய் பரிசு என்று அறிவித்தார். கைதட்டல். குழாயை மாலை போலத் தோளில் மாட்டிக்கொண்டு கபிதோலினா நின்றாள்.

அப்போது ஃபாயினா எழுந்தாள். புதுத் தலைக்குட்டை, குரலில் தேன்.

"நானும் ரெண்டு வார்த்தை சொல்லணும். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப என் தக்காளியக் காப்பாத்தினது இவங்கதான். அதுக்காக நான்தான் அந்த ஐரிஸ்ல ஒரு துண்டு எடுத்துக்கச் சொல்லிக் குடுத்தேன். என் கைச் செடி இவங்க கைல பரிசு வாங்கினதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்."

பெஞ்சுகளில் விதை கடிக்கும் சத்தம் நின்றது.

"குடுத்தியா?" என்றாள் கபிதோலினா.

"குடுக்கலையா? குடுக்காம உங்ககிட்ட எப்படி வந்துது, கபிதோலினா சவேல்யெவ்னா? சொல்லுங்க, எல்லாரும் கேக்கறாங்க."

காற்று என்று சொல்லலாம். ஆனால் எதிரே முப்பது ஜோடிக் கண்கள், அதில் நினேலின் இரண்டும் இருந்தன. "ஆமா. குடுத்தாங்க" என்றாள் கபிதோலினா, குழாயைப் பிடித்துக்கொண்டு.

"அவ்வளவுதான். நான் ஒண்ணும் எதிர்பாக்கல. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மட்டும் மனசுல ஒரு இது."

பெண்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. புரியாதவர் மேஜர் ஒருவர்தான். "இதுல என்ன இருக்கு? சொல்லிடுங்கம்மா, நன்றின்னு. மரியாதைதானே? கூட்டத்த முடிக்கணும்."

"அது... செடி விஷயத்துல..."

"என்ன செடி விஷயம்? முழுசா ரெண்டு தலைமுறை பள்ளிக்கூடம் போயாச்சு, இன்னுமா இதெல்லாம்? சொல்லுங்க."

கபிதோலினாவுக்கு இப்போது இரண்டே வழி. திருடி என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி ஒன்று கூட்டத்தில் எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"நன்றி" என்றாள்.

பின் வரிசையில் யாரோ, கெட்டது அண்டாமல் இருக்க, இடது தோளுக்கு மேலே து, து, து என்று மூன்று முறை துப்பினார்கள். ஃபாயினா உட்கார்ந்து தலைக்குட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஃபாயினா ஒன்றுமே செய்யவில்லை. எல்லாவற்றையும் கபிதோலினாவே செய்தாள். முதலில் ஒரு காசைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டாள். ஃபாயினா அதைத் துடைத்து, "உங்க காசு விழுந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு கபிதோலினா வேர் கருகுகிறதா என்று தோண்டிப் பார்த்தாள். ஜூலை வெயிலில் செடியைக் குளியல் அறைக்குப் பின்னாலிருந்து பிடுங்கிக் கிணற்றடியில் வைத்தாள். ஆகஸ்டில் அங்கிருந்து பெயர்த்து ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். கோழி எரு கரைத்து ஊற்றினாள். கோடு போட்ட குருத்துகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. பச்சைக் குருத்துகளுக்கு மட்டும் எந்தக் கேடும் இல்லை. ஒன்று, மூன்று, ஏழு என்று அவை கிளம்புவதை ஃபாயினா வலைக்கம்பி வழியாக எண்ணினாள். இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

"காபாவோட ஐரிஸ் பொழைச்சுக்கிச்சு போல. என்னமா தழையுது!" என்றாள் நினேல்.

"தழையட்டும்" என்றாள் ஃபாயினா. "நல்லாத் தழையட்டும்."

அந்தக் குளிர்காலம் பனி இடுப்பளவு விழுந்தது. ஏப்ரல் கடைசியில் உருகியபோது ஃபாயினா ரப்பர் பூட்ஸோடு பாத்திக்குப் போனாள். மண்ணுக்கு மேலே விரல் தடிமனில் வளைவளைவாகச் சுரங்கப் பாதைகள். வெள்ளை ரிப்பன் இருந்த இடத்தில் கைவிட்டால் முழங்கைவரை போயிற்று. கிழங்கின் ஒரு சில்லுகூட மிச்சமில்லை. எலி. உண்மையான எலி, நான்கு கால் எலி. பொறியெல்லாம் சாக்கில் கட்டிக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது.

பத்து வருடச் செடி. அவள் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, கபிதோலினாவின் தூர் முளைவிட்டிருந்தது. பச்சை, பச்சை, பச்சை. நடுவில், சுண்டு விரல் அளவுக்கு, கோடு போட்ட ஒரே ஒரு குருத்து.

இப்போது என்ன செய்வது? சும்மா இருந்தால் ஜூனுக்குள் பச்சை அதையும் நெரித்துவிடும்; பழி முழுசாகத் தீரும், கூடவே வெள்ளை ரிப்பனும் உலகத்தை விட்டுப் போகும். போய்ச் சொன்னால்? "பச்சைய அறுங்க" என்று ரகசியத்தைத் தூக்கி அவள் மடியில் போடுவதா? கேட்டு வாங்கினால்? கேட்பதா, அவளிடமா? ஃபாயினா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை பட்டப்பகலில் தோட்டத்தில் தனியாக நிற்கும் கபிதோலினாவின் நீராவிக் குளியல் அறையில் புகைபோக்கி புகைய ஆரம்பித்தது. பிர்ச் இலைக் கட்டால் முதுகில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஆவிக்குள் போனால் அவள் ஒரு மணி நேரம் வெளியே வரமாட்டாள். ஃபாயினா கத்தியை ஏப்ரனில் செருகிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கதவைத் திறந்து உள்ளே நடந்தாள், உப்பு கேட்கப் போகிறவள் போல. ஐந்து நிமிடம். கோடு போட்ட குருத்தை மண்ணோடு பெயர்த்து, குழியைப் பச்சைக் குருத்துகளால் மூடி, திரும்பிவிட்டாள். பழைய பால் வாளியில் அடியில் கம்பி வலை போட்டு, எருக்குவியலுக்குப் பின்னால் நட்டாள். எலியே வந்து கெஞ்சினாலும் திறக்காத வாளி.

ஜூனில் தாவரவியல் பூங்காவிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தாள், 'கபிதோலினா'வைப் பதிவேட்டில் ஏற்ற. கபிதோலினா முட்டைக்கோஸ் அடை சுட்டு, மேசைவிரிப்புப் போட்டு, நினேல் உட்படப் பாதிச் சங்கத்தைக் கூப்பிட்டிருந்தாள். தூரில் நாற்பது பூ. கண்ணாடி அம்மாள் குனிந்து பார்த்தாள், சுற்றி வந்தாள், மறுபடி குனிந்தாள்.

"செடி எங்கே?" என்றாள்.

"இதுதான்."

"இது வாய்க்கால் ஓரத்துல நிக்கறதாச்சே. கோடு எங்க?"

"போன வருஷம் இருந்துது. சத்தியமா இருந்துது."

"பச்சைக் குருத்து வந்தா அப்பப்ப அறுத்துடணும்மா. இது தெரியாமலா வளர்த்தீங்க? இத உருவாக்கினவங்களுக்கு இது தெரியாம இருக்க முடியாதே."

வேலிக்கு இந்தப் பக்கம் ஃபாயினா வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்த இனிமையைச் சொல்லி முடியாது. அம்மாள் அடையைத் தொடாமலே ரயிலுக்குப் போனாள். விருந்தாளிகள் அடையைத் தின்றார்கள்; தின்றுகொண்டே மேசைவிரிப்புக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு கபிதோலினா தூரைக் கையால் விலக்கி, குழியைக் கண்டுபிடித்தாள். பிறகு எழுந்து வேலியோரமாக நடந்து நடந்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, எருக்குவியலுக்குப் பின்னால் பால் வாளியின் விளிம்புக்கு மேலே வெள்ளையாக ஒரு நுனியையும் கண்டுபிடித்தாள். வலைக்கம்பி வேலி இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

ஜூலைக் கூட்டம். குப்பை வண்டி முடிந்தது. கபிதோலினா எழுந்தாள். அவளுக்கும் புதுத் தலைக்குட்டை.

"நானும் ரெண்டு வார்த்தை சொல்லணும். ஃபாயினா யெகோரொவ்னாவோட செடிய எலி தின்னுட்டதா கேள்விப்பட்டேன். பாவம். அதனால என்கிட்ட இருந்த கடைசிக் கோட்டுக் குருத்த நானே அவங்களுக்குக் குடுத்தேன். பால் வாளில நல்லா இருக்குதுன்னு நெனைக்கறேன். நான் ஒண்ணும் எதிர்பாக்கல."

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மறுபடியுமா? சரி, ஃபாயினா யெகோரொவ்னா, சொல்லிடுங்க. போன தடவ நீங்க கேட்டீங்க, இப்ப அவங்க கேக்கறாங்க. நியாயம்தானே?"

விதை கடிக்கும் சத்தம் நின்றது. ஃபாயினா எழுந்து நின்றாள். முப்பது ஜோடிக் கண்கள். அறுபத்திரண்டு வயதில், அடுத்தவர் தோட்டத்தில் ஒரு ராஸ்பெரிகூடக் கிள்ளியதில்லை என்று பெயர் எடுத்தவள்.

"அவங்க குடுக்கல" என்றாள்.

"பின்ன?"

"நான் திருடினேன்."

"என்னது?"

"திருடினேன், அர்க்காதி ஃபோமிச். ரெண்டாவது சனிக்கிழம, பகல் பதினோரு மணிக்கு. அவங்க குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. கத்தி என்னோடது. நன்றி சொல்றதுக்கு இதுல எடமே இல்ல. எழுதிக்கோங்க."

நினேல் மடியிலிருந்த விதையெல்லாம் கீழே கொட்டியது. கபிதோலினாவுக்குத் தலைக்குட்டை அவிழ்ந்தது. திருட்டைத் தலை நிமிர்ந்து ஒப்புக்கொள்ளவும் வழி இருந்திருக்கிறது, போன வருடம் அது தனக்குத் தோன்றவில்லை என்ற ஆத்திரத்தில் அவளும் கத்தினாள்.

"அப்படின்னா நானும்தான் திருடினேன். இவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப, இவ மண்வெட்டியாலயே. நான் சொன்ன நன்றிய வாபஸ் வாங்கிக்கறேன்."

"போன வருஷக் கூட்டத்தோடது. இப்ப வாபஸ் வாங்க முடியாது" என்றார் மேஜர். பட்டாளத்துக்காரர் இல்லையா.

மறுநாளிலிருந்து சங்கத்தில் அந்தப் பூவுக்கு 'எலி' என்று பெயர். ஃபாயினா ரொட்டி வண்டிக்கு வந்தால் பெண்கள் தங்கள் கூடையைச் சற்று நெருக்கமாக இழுத்துக்கொள்வார்கள். சிரிப்பதற்காகத்தான், ஆனாலும் இழுத்துக்கொள்வார்கள். அவள் கவலைப்படவில்லை. இரண்டு வருடத்தில் பால் வாளி பிதுங்கியது. ஆறு கோட்டுக் குருத்து. கண்ணாடி அம்மாள் மறுபடி வந்து பார்த்து, 'வெள்ளை ரிப்பன்' என்று பதிவேட்டில் எழுதினாள், கீழே ஃபாயினாவின் பெயரையும். திருடின செடி பிறகு எப்படி வளரும்?

ஒரே ஒரு தொல்லைதான் பாக்கி. பதிவுக்கு அடுத்த மே மாதத்திலிருந்து தினமும் காலையில், ஃபாயினா கத்தியோடு குனியும் நேரம் பார்த்து, கபிதோலினா தேநீர்க் கோப்பையோடு வேலியோரம் வந்து நிற்கிறாள். ஃபாயினாவைப் பார்ப்பதில்லை. செடியைப் பார்க்கிறாள்.

"நன்றி" என்கிறாள், வெகு மரியாதையாக. "ரொம்ப ரொம்ப நன்றி."

"திருட்டுச் செடிக்கு அது ஏறாது, கபிதோலினா சவேல்யெவ்னா" என்கிறாள் ஃபாயினா, நிமிராமலே.

"ஏறாட்டி என்ன? நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்கு வேற வேலை இல்ல."

அவள் கோப்பையோடு உள்ளே போகும்வரை ஃபாயினா அசையாமல் இருக்கிறாள். போனதும் இடது தோளுக்கு மேலே மூன்று முறை துப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு குருத்தின் அடியிலும் விரலை விட்டு வேரைத் தொட்டுப் பார்க்கிறாள்.